ஆறு மீட்டர் ஆழத்துக்கு எப்படித் தயாராவது: சல்லடையா, மூச்சா, சிலிண்டரா, படகா?

கல்லாகிப்போன சுறாப்பற்களைத் தேடிப் புளோரிடாக் கடலில் முங்கப் போகலாம், ஆறு மீட்டர் ஆழம்தான் என்று நான் சொன்னதும் என் மைத்துனர், "நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செம்பனையின் உயரம்கூட இல்லையே, மாமா. இதற்கு எதற்குச் சிலிண்டர்?" என்று கேட்டார். அவர் மலேசியாவின் சித்தியவானில் கடலோரம் வளர்ந்தவர். ஒன்றரை நிமிடம் மூச்சடக்குவார். நான் சுங்கை சிப்புட்டில் லயத்து வீட்டில் பிறந்து, கடலைப் பத்து வயதில்தான் முதன்முதலில் பார்த்தவன். அன்றிலிருந்து நான்கு மாதங்களாக இந்த ஒரே கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விட்டு இறங்கவில்லை. எங்களைப் போல உள்நாட்டுத் தோட்டப்புறத்திலிருந்து இந்தப் பயணத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால், எதை எதோடு ஒப்பிட்டோம், எதை ஏன் தள்ளினோம் என்பதை எழுதிவைக்கிறேன்.

என் அக்காள் மகள் புளோரிடாவில் தாம்பா நகரில் இருக்கிறாள். அங்கிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வெனிஸ் என்ற சிறிய கடற்கரை ஊர் வருகிறது. உலகின் சுறாப்பல் தலைநகரம் என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. மெகலடான் என்னும் பெருஞ்சுறா ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. சுறாவின் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு, அது மக்கிவிடும். ஆனால் வாழ்நாள் முழுவதும் பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். அப்படி விழுந்தவை கடலடிச் சேற்றில் புதைந்து, தாதுக்கள் ஏறி, கறுத்துக் கல்லாகி, இன்று வெனிஸ் கடலில் கரையிலிருந்து நீந்திப்போகும் தொலைவிலேயே சரளைக்கற்களோடு கலந்து கிடக்கின்றன. உள்ளங்கையை மூடும் அளவு பற்களும் அவற்றில் உண்டு. கடற்பசு இனத்து விலங்குகளின் கனத்த விலா எலும்புகள், திருக்கைகளின் பல்தட்டுகள், திமிங்கிலத்தின் காதெலும்பு, பனியுகத்து யானை குதிரைகளின் பற்கள் ஆகியவையும் அதே படுகையில் கிடைக்கின்றன.

நம் ஊரிலேயே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. சுங்கை சிப்புட் என்றாலே நத்தை ஆறு என்றுதான் பொருள். கம்பார் பக்கத்து ஈயச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, பெர்மியன் காலத்துக் கடல் உயிர்கள் பதிந்திருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கடலாக இருந்தது என்று என் மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கே இன்னும் மெய்சிலிர்க்கிறது. ஆனால் கிந்தா பள்ளத்தாக்கு 2018-ஆம் ஆண்டிலிருந்து தேசியப் புவிப்பூங்கா. அங்கே கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம். பையில் போட்டுக்கொண்டு வருவது முறையல்ல. வெனிஸில் சட்டமே அனுமதிக்கிறது என்பதுதான் வேறுபாடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சல்லடை

முதலில் எளியதைச் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் ஊரின் தெற்கே காஸ்பர்சன் கடற்கரை இருக்கிறது. அங்கே முழங்கால் அளவு நீரில் நின்று, நீண்ட கைப்பிடியுள்ள சல்லடைக் கூடையால் மணலை அள்ளிச் சலித்தாலே சிறுபற்கள் கிடைக்கின்றன. விரல்நகம் அளவுதான், ஆனால் எண்ணிக்கையில் குறைவிராது. இதற்குப் பயிற்சி, சான்றிதழ் எதுவும் வேண்டாம். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். தூக்கி மிதித்தால் முள் குதிகாலில் ஏறும்.

எழுபது வயதாகும் என் அம்மாவும் எங்களோடு வருகிறார். பேத்தியைப் பார்க்கத்தான் வருகிறார் என்றாலும், சல்லடை அவருக்குத்தான். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவரின் கண், இருட்டோடு மரத்துக்கு மரம் கோடு பார்த்துப் பழகிய கண். எங்கள் எல்லோரையும்விட அவரே அதிகம் பொறுக்குவார் என்று நம்புகிறேன். குடும்பத்தோடு ஒரு நாள் மட்டும் போகிறவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். பெரிய பல்லை, அது கிடக்கும் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

மூச்சு

மைத்துனரின் கட்சி இது. முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், துடுப்புக் காலணி போதும். முத்துக்குளித்த இனம் நாம், மூச்சை அடக்கிப் போவதுதான் நமக்கு இயல்பு என்பார். செலவு குறைவு, சுமை குறைவு, வாடகைக் கடையைத் தேட வேண்டியதில்லை. எல்லாம் உண்மை. தெளிந்த நீராக இருந்தால் நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஒரு நாள் இரவு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். நன்றாகப் பழகிய ஒருவர் ஒரு முறை 50 வினாடி முங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறங்க 10, ஏற 10 போனால் தரையில் கிடைப்பது 30 வினாடி. மேலே வந்தபின், முங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஓய்வு வேண்டும். அது 100 வினாடி. ஆக ஒரு சுற்றுக்கு 150 வினாடி, ஒரு மணி நேரத்தில் 24 சுற்று. தரையைப் பார்க்கும் நேரம் மொத்தமாக 12 நிமிடம். அலையோடும் நீரோட்டத்தோடும் மேலே மிதந்து ஓய்வெடுக்கும்போது இடமும் நகர்ந்துவிடும். வெனிஸ் கடலில் நல்ல நாளில் மூன்று முதல் ஐந்து மீட்டர் தெரியும், கெட்ட நாளில் நீட்டிய கையே தெரியாது. மேலிருந்து பார்த்தால் தரை தெரியாத நீரில், அதே சரளைத் திட்டுக்கு இருபத்து நான்கு முறையும் திரும்பிப் போவது நடக்கிற காரியமா? பல் தேடுவது மீன் பார்ப்பதைப் போன்றதல்ல. ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொண்டு, கையால் நீரை விசிறி மணலை மெல்ல விலக்கி, கறுப்பு முக்கோணம் ஏதாவது தலைகாட்டுகிறதா என்று பொறுமையாகப் பார்க்கும் வேலை. முப்பது முப்பது வினாடியாக அதைச் செய்ய முடியாது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. முங்குவதற்கு முன் வேகமாகப் பல முறை மூச்சை இழுத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, மைத்துனருக்கும் இருந்தது. அதனால் உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மேலே போ என்று நம்மை உந்துவது கரியமில வாயுதான். அது குறைந்தால் உந்துதல் தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும். மேலே ஏற ஏற அழுத்தமும் குறைவதால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். எனவே மூச்சடக்கி முங்குவதென்றால் ஒருவர் கீழே, ஒருவர் மேலே என்ற ஒழுங்கு கட்டாயம். அப்படிச் செய்தால் இருவரும் ஒரே நேரத்தில் கீழே தேட முடியாது.

மைத்துனர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முத்துக்குளிப்பவனுக்குச் சிப்பி இருக்கும் பாறை தெரியும். நமக்குத் தெரியாது, மாமா" என்றார். அன்றோடு அந்தக் கட்சி கலைந்தது.

சிலிண்டர்

இப்போது நான் நிற்கும் பக்கத்தின் கணக்கு. வாடகைக்கு அதிகம் கிடைப்பது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 207 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 2,300 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக விட்டுவிட்டால், செலவழிக்கக் கிடைப்பது 1,730 லிட்டர் என்று வையுங்கள். ஆறு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல 1.6 மடங்கு. நிதானமாக நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுகிறவருக்கு அங்கே 24 லிட்டர் செலவாகும். 72 நிமிடம் தாங்கும். பதற்றத்தில் 25 லிட்டர் இழுக்கிறவருக்கு 40 லிட்டர். 43 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அமைதியாக இருப்பவனுக்கு அரைமணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. எந்த விலையுயர்ந்த கருவியும் இந்த அரைமணியைத் தராது. பயிற்சி மட்டுமே தரும்.

பதற்றக்காரரின் 43 நிமிடமேகூட மூச்சடக்குபவரின் 12 நிமிடத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். இடத்தை விட்டு நகராமல், தொடர்ச்சியாகக் கிடைக்கும் நேரம் அது.

ஆனால் சிலிண்டரில் ஒரு மாயம் இருக்கிறது. ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கவைக்கும். அழுத்தத்தின் மாற்றம் மிகக் கூர்மையாக இருப்பது மேல்மட்டத்தில்தான். முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. பத்திலிருந்து மேலே வரும்போது இரண்டு மடங்காகிறது. சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை நெஞ்சில் அடக்கிக்கொண்டு வெறும் ஒன்றேகால் மீட்டர் ஏறினால்கூட நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. மூச்சடக்கிப் பழகிய மைத்துனரைப் போன்றவர்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. அவருடைய உடல் தானாகவே அடக்கிக்கொள்ளும். அவர் பழைய பழக்கத்தை மறக்க வேண்டும், நான் புதிய பழக்கத்தைக் கற்க வேண்டும். இதில் எங்கள் இருவரில் எனக்குத்தான் வேலை எளிது என்று பயிற்றுநர் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது.

மிதப்பும் அப்படித்தான். ஆழத்தில், குளிருக்காக அணியும் நுரைரப்பர் நீருடை நசுங்கி மிதப்புக் குறையும். மேல்மட்டத்தில் அது முழுதாக மேலே தூக்கும். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக ஏறக்குறைய இரண்டு கிலோ இலேசாகும். அதாவது, தேடலின் கடைசிக் கால்மணி நேரத்தில், நல்ல சரளைத் திட்டு ஒன்று கிடைத்த வேளையில், உங்களைக் கடல் மேலே இழுக்கத் தொடங்கும். கீழே நிற்பதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தின் எடையைச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்ப்பதோடு நிறுத்தாமல், கடைசிக் காற்றிலும் கீழே நிற்க முடிகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கிழக்குக்கரைத் தீவு ஒன்றில் சான்றிதழ்ப் பயிற்சி எடுத்தபோது, இடுப்புப் பட்டையில் எத்தனை ஈயம் கோக்க வேண்டும் என்பதைப் பயிற்சிக் கூடத்தாரே முடிவு செய்தார்கள். ஏன் அத்தனை என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணாடி போன்ற நீர், பன்னிரண்டு மீட்டர் ஆழம், நான்கு முக்குளிப்பும் நன்றாகவே முடிந்தன. பிறகு மேற்குக்கரையில் பாங்கோர் தீவுப் பக்கத்தில் மூன்று மீட்டர் நீரில் இறங்கினால் என்னால் தரையில் நிற்கவே முடியவில்லை. பந்துபோல் மேலே வந்துகொண்டிருந்தேன். அன்று மாலைதான் எடைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: எந்த உடை, எந்த சிலிண்டர், எத்தனை கிலோ, கடைசியில் எப்படி இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்.

சிலிண்டருக்கு மாற்றாக, மிதக்கும் இயந்திரத்திலிருந்து நீண்ட குழாய் வழியாகக் காற்று அனுப்பும் முறையும் உண்டு. முதுகில் சுமை இல்லை, நேரக் கட்டுப்பாடும் குறைவு. ஆனால் இயந்திரத்தை அலையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெட்ரோலில் ஓடுவது என்றால் புகை காற்றுவாயிலுக்குள் வராமல் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரம் நின்றால் கையிருப்பும் இல்லை. உள்ளூரில் ஆண்டு முழுவதும் முங்குகிறவர்களுக்கு அது பொருந்தலாம். மலேசியாவிலிருந்து இரண்டு வாரத்துக்குப் போகிற எங்களுக்குப் பொருந்தாது என்று ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டோம்.

கரையா, படகா?

இதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்த கேள்வி. படகு, சில கிலோமீட்டர் தொலைவுக்கு அழைத்துப்போகும். முக்குளிப்போர் போன்யார்டு என்று அழைக்கும் பரப்பில் ஆழம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். இடம் தெரிந்த படகோட்டி சரியான சரளைத் திட்டின்மேல் நங்கூரம் இடுவார். அலையைக் கடந்து நடக்க வேண்டாம், நெடுந்தொலைவு நீந்த வேண்டாம். உள்நாட்டிலிருந்து போகிறவருக்கு முதல் பார்வையில் படகுதான் எளிது. நேர்மையாகச் சொன்னால், இடுப்பளவு அலையில் இருபது கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்து நிற்பது என்ற ஒரு காரியமே என் வயதில் யோசிக்கவேண்டியதுதான்.

கரையிலிருந்து போவதென்றால், மணலிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்து, முகக்கண்ணாடி முகத்தில், சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயில், மிதவைச் சட்டையில் கொஞ்சம் காற்று என்று நீருக்குள் நடக்க வேண்டும். துடுப்புக் காலணியை இடுப்பளவு நீரில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மாட்ட வேண்டும். பிறகு மல்லாந்து நீந்தி, பல இடங்களில் நூறு, நூற்றைம்பது மீட்டர் கடந்த பிறகுதான் கீழே இறங்குவது. நீந்தும்போது மூச்சுக்குழலில் மூச்சு விட்டால் சிலிண்டர் காற்று மிஞ்சும். இறங்கும் முன் கரையின் திசையைத் திசைகாட்டியில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்; கலங்கல் நீரில் அடித்தரையில் அரைமணி நேரம் தேடியபின் எந்தப் பக்கம் ஊர் என்று யாருக்கும் தெரியாது.

இத்தனை சுமைக்குப் பிறகும் கரையையே தேர்ந்தெடுத்தோம். காரணம் எளிது. படகில் ஒரு நாள் இடம் பிடித்தால், அந்த நாள் கடல் கலங்கியிருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும், அல்லது பயணமே ரத்தாகும். கரையில் இருந்தால் காலை ஆறு மணிக்கு எழுந்து கடலைப் பார்த்துவிட்டு, இன்று வேண்டாம் என்று அம்மாவோடு சல்லடையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இரண்டு வாரத்தில் நல்ல நாள் ஐந்து கிடைத்தால் ஐந்திலும் முங்கலாம். சிலிண்டர் வாடகை மட்டுமே செலவு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நம் கையில் இருப்பதுதான் கரையின் பெரிய நன்மை. ஆயினும் முதல் நாள் மட்டும் படகில் போகிறோம். பல் தரையில் எப்படிக் கிடக்கும், கறுத்த சிப்பித்துண்டுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்பதைப் பழகிய கண்கள் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துவிட்டால், அடுத்த நான்கு நாளும் வீணாகாது.

எங்கே பழகுவது?

பயிற்சியைப் பற்றி நம் ஊரில் இரண்டு கருத்து உண்டு. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் போன்ற கிழக்குக்கரைத் தீவுகள்தான் சரி என்பது ஒன்று. மேற்குக்கரைக் கடல் சேறு, அங்கே போய் என்ன பார்ப்பது என்பார்கள். எனக்கு இப்போது உறுதியான கருத்து இருக்கிறது: இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது.

முதல் பாடம் தெளிந்த நீரில். முகக்கண்ணாடியில் நீர் புகுந்து மூக்கு எரியும் அந்த முதல் அச்சத்தில், பயிற்றுநரின் முகம் நமக்கும் நம் முகம் அவருக்கும் தெரிய வேண்டும். அடிப்படைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். எனக்கு அதற்கே ஈப்போ நீச்சல் குளத்தில் மூன்று மாதம் பிடித்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க அன்று யாரும் இல்லை. எங்கள் லயத்திலிருந்து சிம்மோர் பக்கத்து ஈயச் சுரங்கக் குட்டைக்குக் குளிக்கப் போன பையன் ஒருவன் திரும்பி வரவில்லை. கரையோரம் கணுக்கால் நீர், அடுத்த அடி பாதாளம். அந்தக் குட்டைகளில் பழகலாம் என்று இன்றும் இளைஞர்கள் சொல்லக் கேட்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். செங்குத்தான கரை, பிடிமானம் இல்லாத சேறு, எலிக்காய்ச்சல் அபாயம். குளத்துக் கட்டணம் அதைவிடக் குறைந்த விலை.

இரண்டாவது பாடம் பாங்கோரில். மலாக்கா நீரிணையில் ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் ஏற்றவற்ற ஓட்டமும் நீரை எப்போதும் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. முத்துக்குளிக்கப் போகிறவன் கடலையே பார்க்காமல் ஆற்றில் பழகுவதுபோலத்தான், வெனிஸுக்குப் போகிறவர் பெர்ஹெந்தியானில் மட்டும் பழகுவதும். இரண்டு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நீரில் துணையை விட்டு விலகாமல் இருப்பது, திசைகாட்டியை மட்டும் நம்பித் திரும்புவது, மிதவைக் கயிறு காலில் சுற்றாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றை அங்கேதான் கற்க முடியும். நீரோட்டம் நிற்கும் வேளை பார்த்து, ஊர்க் கடல் தெரிந்த வழிகாட்டியோடு, முழுக்கைச் சட்டை அணிந்து இறங்க வேண்டும், சொறிமுட்டைகள் உண்டு. ஐந்து சிறிய கற்களில் கறுப்புச் சாயம் பூசித் தரையில் போட்டுவிட்டுத் தேடிப் பார்த்தோம். முதல் நாள் ஒன்றைத்தான் கண்டுபிடித்தோம்.

நாட்காட்டியும் இதற்கு ஒத்துவருகிறது. வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கிழக்குக்கரைத் தீவுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆகவே சான்றிதழை அக்டோபருக்கு முன்பே முடித்துவிட்டு, மழை மாதங்களில் மேற்குக்கரையில் பழகி, மே மாதம் விமானம் ஏறலாம்.

ஏன் மே? ஆண்டிறுதி விடுமுறைதான் நீளம் என்று மனைவி டிசம்பரைச் சொன்னார். அந்த மாதத்தில் வெனிஸ் கடல் 18, 19 பாகைக்கு இறங்கிவிடும். வடக்கிலிருந்து வரும் குளிர்க்காற்று நாள்கணக்கில் நீரைக் கலக்கிவிடும். ஜூன் முதல் தேதி தொடங்கி நவம்பர் இறுதி வரை புயல் பருவம். 2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயலும், 2024 அக்டோபர் 9 அன்று மில்டன் புயலும் அந்தக் கடற்கரைப் பகுதியைத்தான் தாக்கின. ஜூன் பிறந்தால் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். மே மாதக் கடைசியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், நீர் 26 பாகை அளவில் இருக்கும், நமக்கும் ஆண்டு நடுப் பள்ளி விடுமுறை வரும். இதில் விவாதிக்க எதுவும் இல்லை. கடலில் பெருகும் நச்சு நுண்பாசியான செம்பாசி பரவும் காலம் மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. காற்றிலேயே தொண்டையை எரிக்கும் நஞ்சு அது. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று கரைக்கே வரக்கூடாது. புளோரிடா மாநில வனவிலங்கு ஆணையம் அதன் நிலவரத்தை வரைபடமாகத் தொடர்ந்து வெளியிடுகிறது. தினமும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

26 பாகை என்றால் நமக்குக் குளிரில்லை என்று தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் தரையில் கிடந்து தேடும்போது குளிரும். 3 மில்லிமீட்டர் முழு நீருடை வேண்டும்; எளிதில் குளிர்கிறவர்களுக்கு 5. உடை தடிமனானால் ஈயமும் கூடும். நம் கடலில் அரைக்கால் உடையோடு பழகிய எடை அங்கே செல்லாது, முதல் நாளே புதிதாகப் பார்க்க வேண்டும்.

சொந்தமாக வாங்க வேண்டியவை என்று நான் நினைப்பது நான்கு: முகத்துக்குப் பொருந்திய கண்ணாடி (பார்வைக் குறை உள்ளவர்கள் பவர் வைத்தே வாங்குங்கள்; மங்கலாகத் தெரிந்தால் பல்லும் கல்லும் ஒன்றுதான்), குதிகால் பட்டையுள்ள துடுப்புக் காலணியும் அதற்கான பூட்சும், திசைகாட்டி, கயிறு அறுக்கும் கத்தி. மற்றவை வாடகை. ஈயத்தை விமானத்தில் சுமப்பது வீண். சான்றிதழ் அட்டை இல்லாமல் அங்கே எந்தக் கடையும் சிலிண்டர் தராது, மறந்துவிடக்கூடாது.

ஆனால் பணத்தை முதலில் செலவழிக்க வேண்டிய இடம் மருத்துவர் அறை. நம்மவர்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத குடும்பம் அரிது. முக்குளிப்புக்கு முன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறியிட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அது பயிற்றுநரை ஏமாற்றலாம், கடலை ஏமாற்றாது. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு. மருத்துவர் ஓடவைத்துப் பரிசோதித்து எழுதிக்கொடுத்த பிறகே இறங்கினேன்.

சட்டம் சொல்வது தெளிவாக இருக்கிறது. சுறாப்பல், சிப்பி, தாவரப் படிவங்களை எடுக்க அனுமதி வேண்டாம். ஆனால் மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்திலோ கடலடியிலோ மற்ற முதுகெலும்பு விலங்குகளின் எலும்பு, பல் எதையாவது எடுக்க, புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தரும் ஓராண்டு அனுமதிச்சீட்டு வேண்டும். எடுத்தவற்றின் பட்டியலை அவர்களுக்குத் தர வேண்டும். ஆய்வுக்கு முக்கியமானது என்றால் 60 நாளுக்குள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழங்கால மனிதர்கள் செய்த கருவிகளை மட்டும் தொடவே கூடாது. நீருக்கு மேலே சிவப்பில் வெள்ளைக் கோடிட்ட முக்குளிப்புக் கொடியை மிதவையில் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள் இருக்க வேண்டும். ஆற்றிலும் கால்வாயிலும் 100 அடி. படகுகள் அதைப் பார்த்துத்தான் வேகம் குறைக்கும். தொடர்ந்து முங்கிய நாட்களுக்குப் பின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதனால் கடைசி நாள் முழுவதும் தாம்பாவில், அக்காள் மகள் வீட்டில்.

முத்துக்குளிப்பவன் இடுப்புக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்பது நம் வழக்கு. தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பது அவனுக்குத் தெரியும். கொடியின் கயிற்றுச்சுருளை யார் பிடிப்பது என்று கேட்டபோது மைத்துனர் ஒன்றும் பேசாமல் அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். மூச்சடக்கும் பழக்கத்தை விட அவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும். ஏறும்போது சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே வருகிறாரா என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். கறுப்புக் கல்லில் போன சனிக்கிழமை நான்கைக் கண்டுபிடித்தோம். கிளம்புவதற்குள் பாங்கோருக்கு இன்னும் மூன்று சனிக்கிழமை இருக்கின்றன.